தந்தையும் பிள்ளையும்: ஷாங்காய் நாட்குறிப்பு

அக்டோபர் 14, திங்கள்

இந்த வாரம் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் சினிமா வரலாற்று உரைகள். இன்று 1905இல் தொடங்கினார்கள். பெய்ஜிங்கில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் டான் சின்பெய் என்ற ஓபரா நடிகரை ஆடவைத்துப் படம்பிடித்தார்கள். அதுதான் முதல் சீனப் படம் என்கிறார்கள். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆனாலும் 2005இல் நூற்றாண்டு விழா தடபுடலாக நடந்தது. பேசியவர் ஸ்லைடை அப்படியே வாசித்ததால் பாதியில் கண் சொக்கிவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று தேவலாம். நான்ஜிங் மேற்குச் சாலையில் இருக்கும் கிராண்ட் தியேட்டர் பற்றிய உரை. 1933இல் ஹங்கேரியக் கட்டடக் கலைஞர் ஹுடெக் கட்டியது. ஹாலிவுட் படம் பார்க்க வருபவர்களுக்கு ஆங்கிலம் புரியவேண்டுமே? 1939இல் இருக்கைகளில் காதுக்கருவி வைத்தார்கள். ஒரு பெண் உட்கார்ந்து, ஓடுகிற படத்தின் வசனத்தை உடனுக்குடன் சீனத்தில் சொல்வார். நாயகன், நாயகி, வில்லன் எல்லோருக்கும் அவர் குரல்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். இன்னும் படம் ஓடுகிறது.

அக்டோபர் 17, வியாழன்

'ஆவாரா'. இதற்காகத்தான் காத்திருந்தேன். ராஜ் கபூரின் படம் சீனாவுக்கு முதலில் வந்தது 1955இல். ஆனால் ஜனங்கள் அலைமோதியது 1970களின் கடைசியில், கலாச்சாரப் புரட்சி முடிந்து மறுபடி வெளியிட்டபோது. பாட்டுதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். பேராசிரியர் வேறு இடத்தைத் தொட்டார்.

படத்தில் ஒரு நீதிபதி, திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்று சாதிப்பவர். கடைசியில் கூண்டில் நிற்பது அவர் பெற்ற மகனே. 1966இல், கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது, மாவோவின் மாணவர் படையான செங்காவலர்கள் கத்திய கோஷமும் அதேதான்: அப்பன் வீரனென்றால் பிள்ளை நல்லவன், அப்பன் எதிரியென்றால் பிள்ளை உருப்படாதவன். யூ லுவோக்க என்ற இளைஞர் இதை மறுத்துக் கட்டுரை எழுதினார். அவருடைய பெற்றோர் இருவருமே வலதுசாரிகள், அதாவது கட்சியின் எதிரிகள், என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். 1970இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், வயது 27. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 1979இல். ஏறக்குறைய அதே காலத்தில்தான் 'ஆவாரா' அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தது. எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கதையை அதில் பார்த்திருப்பார்கள்!

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். கிராமத்துத் திறந்தவெளியில் முன்னால் இடமில்லாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடம்வலம் மாறித் தெரிந்த படத்தையே முழுக்கப் பார்த்தாராம். 'ஆவாரா ஹூம்' பாட்டை "ஆ பா லா கூ" என்று பாடியும் காட்டினார். இந்தி ஒரு அட்சரம் தெரியாது, மெட்டு மட்டும் பிசகவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

'தங்கல்'. 2017இல் சீனாவில் 100 கோடி யுவானுக்கு மேல் வசூல். பேச்சாளர் முக்கால்வாசி நேரம் வசூலையே பேசினார். அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டால் போதுமே.

கேன்டீனில்தான் சூடு பிடித்தது. அன்று அப்பாவிடமிருந்து பிள்ளையை விடுவித்த படத்துக்குக் கூட்டம். இன்று மகள்களின் முடியை வெட்டி மல்யுத்தத்துக்கு விரட்டும் அப்பாவுக்குக் கூட்டமா என்றேன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக எங்களை விரட்டிய அப்பாக்களைவிட இவர் எவ்வளவோ பரவாயில்லை என்றாள் ஒரு முனைவர் பட்ட மாணவி. பக்கத்திலிருந்தவள் ஒப்புக்கொள்ளவில்லை: பதக்க ஆசை அவருடையது, வலி மகள்களுடையது. நூடுல்ஸ் ஆறும்வரை சண்டை. நான் இரண்டாமவள் கட்சி.