பிளம்பர் இல்லை சித்தப்பா, அவர் சோஷியல் வொர்க்கர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா வருடத்துக்கு இரண்டு தடவையாவது அனுப்பும் ஃபார்வர்டு ஒன்று உண்டு. வெள்ளை முடியும் சிரிப்புமாக ஒரு பாட்டியின் படம். கீழே கதை: போலந்தில் ஒரு பெண் பிளம்பர், டூல் பாக்ஸில் யூதக் குழந்தைகளை ஒளித்துக் கடத்தினார், குழந்தை அழுகிற சத்தம் கேட்காமல் இருக்க நாயைக் குரைக்கப் பழக்கி வைத்திருந்தார், 2,500 குழந்தைகளைக் காப்பாற்றியும் நோபல் பரிசை அமெரிக்க அரசியல்வாதி அல் கோருக்குக் கொடுத்துவிட்டார்கள், பத்து பேருக்குப் பகிருங்கள்.

இந்தத் தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தைகள் காப்பக வேலையில் பதினோரு வருடம் கேஸ் ஷீட் எழுதியவள் நான். அந்தப் பாட்டி எங்கள் ஜாதி! இரேனா செண்ட்லர், போலந்துத் தலைநகர் வார்சா நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை பார்த்தவர். அவரை பிளம்பர் ஆக்கினால் எனக்குக் கோபம் வராதா?

1910இல் பிறந்தவர். அப்பா டாக்டர், வார்சாவுக்குப் பக்கத்தில் ஓட்வோட்ஸ்க் என்ற சிற்றூரில் ஏழை யூதர்களுக்கு வைத்தியம் பார்த்து, அவர்களிடமிருந்து தொற்றிய டைஃபஸ் காய்ச்சலில் 1917இல் இறந்து போனார் (டைஃபாய்டு இல்லை, இது பேன் மூலம் பரவுவது). அப்போது இரேனாவுக்கு ஏழு வயது. அப்புறம் வார்சா பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களைத் தனி பெஞ்சில் உட்கார வைத்த காலத்தில், தன் மாணவர் புத்தகத்தில் யூதர் அல்லாதவர் என்று காட்டிய குறிப்பை அடித்துவிட்டார். அதற்காகப் பல வருடம் அவரைப் படிக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கி, ஹிட்லரின் ஜெர்மானியர் போலந்தைப் பிடித்ததும் யூதர்களுக்கு நகராட்சி உதவி எதுவும் போகக் கூடாது என்று உத்தரவு. இரேனாவும் கூட வேலை பார்த்தவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹோம் விசிட் அறிக்கைகளில் பொய் எழுதினார்கள். யூதக் குடும்பத்துக்குக் கிறிஸ்தவப் பெயர் போட்டு உதவிப் பட்டியலில் சேர்த்தார்கள். யாராவது சரிபார்க்க வந்துவிடக் கூடாதே, அதனால் அந்த வீட்டில் டைஃபஸ், காசநோய் என்று ஒரு வரி சேர்த்து எழுதினார்கள். தொற்று என்றால் ஜெர்மன்காரன் வாசற்படி மிதிக்க மாட்டான். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஃபாரம் நிரப்பியே பிழைக்கிற எவருக்கும் இந்தத் தந்திரத்தின் அழகு புரியும்.

1940 நவம்பரில் கெட்டோவை, அதாவது வார்சாவின் யூதர்களை அடைத்து வைத்த பகுதியை, சுவர் வைத்து மூடினார்கள். மூன்று சொச்சம் சதுர கிலோமீட்டருக்குள் நாலு லட்சம் பேருக்கு மேல். இரேனா உள்ளே போக வாங்கியது தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவின் அனுமதிச் சீட்டு. அப்பாவைக் கொன்ற அதே காய்ச்சல்தான் மகளுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே நடக்கும்போது யூதர்கள் கட்டாயமாக அணிய வேண்டியிருந்த நட்சத்திரப் பட்டையைத் தானும் கையில் கட்டிக்கொள்வார். யூதருக்கு உதவினால் மரண தண்டனை என்பது அங்கே சட்டமாகவே இருந்தது.

குழந்தைகளை வெளியே கொண்டுவர ஒரே வழி என்று எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ், மூட்டை, இரண்டு பக்கமும் வாசல் உள்ள கோர்ட் கட்டடம், டிராம் என்று கிடைத்ததெல்லாம் பயன்பட்டது. குரைக்கிற நாயும் உண்மைதான், ஆனால் அது வண்டி ஓட்டியவரோடு வந்தது. டூல் பாக்ஸும் உண்மைதான், அதை இரேனா கையில் தூக்கிக்கொண்டு வரவில்லை. எல்ஸ்பியேத்தா ஃபிட்சோவ்ஸ்கா என்பவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, 1942இல், மயக்க மருந்து கொடுத்து மரப்பெட்டியில் படுக்க வைத்து, செங்கல் ஏற்றிய வண்டியில் வெளியே வந்தார். கூடவே ஒரு சின்ன வெள்ளி ஸ்பூன். ஒரு பக்கம் செல்லப் பெயர், மறுபக்கம் பிறந்த தேதி, 1942 ஜனவரி 5. பெற்றவளிடமிருந்து அந்தக் குழந்தைக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். வளர்த்தவர் ஒரு மருத்துவச்சி.

ஆனால் எனக்குப் பெட்டியைவிட அதற்கு முந்தின காட்சிதான் மனதை விட்டுப் போவதில்லை. ஒரு பெண் முன்னால் உட்கார்ந்து, உன் பிள்ளையை என்னிடம் கொடு என்று கேட்க வேண்டும். பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியுமா என்று அவள் கேட்பாள். சுவரைத் தாண்டுவோமா என்பதற்கே உறுதி கிடையாது என்று இரேனா உண்மையைச் சொல்வார். சில வீடுகளில் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். மறுநாள் போனால் வீடு காலியாக இருக்கும். 1942 ஜூலை 22இல் தொடங்கி செப்டம்பர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அந்த நாட்களின் அவசரம் அது.

2,500 என்பது அவர் ஒருத்தரின் கணக்கு இல்லை. கூட இருபதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், அப்புறம் யூதர்களுக்கு உதவிய ஜெகோட்டா என்ற ரகசிய அமைப்பு, கன்னியர் மடங்கள், வளர்ப்புக் குடும்பங்கள். ஒரு குழந்தை தப்பப் பத்து பேராவது வேண்டும் என்பார் இரேனா. ஃபார்வர்டுக்கு ஒரு நாயகி போதும், மற்றவர்கள் அதில் அடங்க மாட்டார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது பட்டியலைப் பற்றி. குழந்தையின் உண்மைப் பெயர், புதுப் பெயர், எங்கே இருக்கிறது என்பதை மெல்லிய தாள் கீற்றில் எழுதிச் சுருட்டி வைத்தார் இரேனா. அது கடைசியில் ஜாடிக்குள் போய், லெகார்ஸ்கா தெருவில் தோழி வீட்டு ஆப்பிள் மரத்தடியில் புதைந்தது. ஏன் இவ்வளவு ரிஸ்க்? எங்கள் காப்பகத்தில் ஒரு பையன் இருந்தான். பழைய ஃபைலில் தாய் பெயர் என்ற இடத்தில் யாரோ ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் அவன் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான், அடியில் ஏதாவது எழுதியிருக்குமோ என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

1943 அக்டோபரில் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோ கதவைத் தட்டியபோது பட்டியல் இரேனா கையில்தான் இருந்தது. அதைத் தோழி உடைக்குள் செருகிக்கொண்டார். பவியாக் சிறை, சித்திரவதை, மரண தண்டனை. ஜெகோட்டா லஞ்சம் கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தது. பதிவேட்டில் செத்தவர், வெளியே தலைமறைவு. அந்த நிலையில் 1944இல் பெற்ற தாய் இறந்தபோது சவ அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

போருக்குப் பிறகு பட்டியலை யூதக் குழுவிடம் ஒப்படைத்தார். தேடிப் பார்த்தால் பெரும்பாலான பெற்றோர் உயிரோடு இல்லை.

அப்புறம் அவரும் அம்மா ஆனார். மகள் யானினா 1947இல். அடுத்து கர்ப்பமாக இருந்தபோது கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீஸ் திரும்பத் திரும்ப விசாரித்தது. 1949இல் குறைமாதத்தில் பிறந்த மகன் அதிக நாள் தங்கவில்லை. இன்னொரு மகன் ஆதாம் 1999இல் அம்மாவுக்கு முன்பே போய்விட்டார். மகளுக்கோ அம்மா வீட்டிலேயே இருந்ததில்லை என்ற குறை. மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பியவர்களிடம் கேளுங்கள். என் மகள் ஐந்தாவது படிக்கும்போது ‘என் அம்மா’ கட்டுரையில் என் ஹேண்ட்பேக்கைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு அமைப்பான யாத் வஷேம் 1965இலேயே விருது அறிவித்தும், போலந்து அரசு விட்டு, அவர் அங்கே போய் மரம் நட 1983 ஆகிவிட்டது. சொந்த நாட்டிலேயே அதிகம் பேருக்குத் தெரியாமல் இருந்தவரை, 1999இல் அமெரிக்காவின் கன்சாஸில் சில பள்ளி மாணவிகள் தேடிப்பிடித்து நாடகம் போட்டார்கள். 2008 மே 12, வார்சாவில், 98 வயதில் காலமானார். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற வருத்தம் கடைசிவரை இருந்தது.

இவ்வளவையும் ஐந்து மெசேஜாகப் பிரித்துக் குழுவில் போட்டேன். சித்தப்பா கும்பிடு போட்டார். ‘அருமைம்மா, எந்த குரூப்ல வந்துச்சு?’ என்று கேட்டார்.