கை வருதுங்க, கால்தான் வரலீங்க: மூளையில் எந்தக் குழாய் அடைபட்டது?

"அப்பனுக்குக் கை வருதுங்க, கால்தான் வரலீங்க." பல்லடத்துத் தறிக்குடோனிலிருந்தோ தாளவாடியிலிருந்தோ போனில் இப்படிச் சொன்னால், அது பக்கவாதமாக இருந்தால், ஸ்கேனுக்கு முன்பே எந்த ரத்தக்குழாய் அடைபட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம். மூளையின் ரத்த ஓட்டம் அவ்வளவு தெளிவான பங்கீடு.

மூளை சுமார் 1.3 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பும் கிடையாது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். 20-க்குக் கீழே போனால் அந்தப் பகுதி வேலையை நிறுத்தும். 10-க்குக் கீழே செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பகுதியைக் காப்பாற்றத்தான் இத்தனை அவசரமும்.

ரத்தம் போவது நாலு குழாயில். கழுத்தின் முன்பக்கம் இரண்டு. பின்பக்கத்து இரண்டும் கழுத்தெலும்புத் துளைகள் வழியாக ஏறி, மூளைத்தண்டின் முன்னால் ஒன்றாகச் சேரும். எல்லாம் மூளைக்கு அடியில் ஒரு வளையமாக இணைவதை தாமஸ் வில்லிஸ் 1664-இல் விவரித்தார். அந்த வளையம் பலருக்கு முழுமையாக இருப்பதில்லை. ஒரே மாதிரி அடைப்பு ஒருவரை லேசாகத் தொட்டுவிட்டு, இன்னொருவரைப் படுக்கையில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிருந்து மூளைக்கு முன், நடு, பின் என்று தமனிகள் (ரத்தக்குழாய்கள்) போகின்றன. நடுத் தமனி அடைபட்டால் வாய் கோணும், கை விழும். மூளையின் இடப்பக்கமானால் பெரும்பாலும் பேச்சும் போகும். முன் தமனியானால் கால்தான் முக்கியமாக விழும். பின் தமனி அடைபட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறையும். கண்ணாடியை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்துவார்கள். மூளைத்தண்டுக் குழாயானால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை. இதைப் பித்தம் என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

நடுத் தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் நுண்குழாய்கள் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதவை. பெருங்குழாயின் அழுத்தம் நேராக இவற்றில் இறங்குகிறது. பல வருடம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் சுவர் கெட்டு, அடைக்கும் அல்லது வெடிக்கும். கை கால் முகத்துக்கான நரம்பிழைகள் அங்கே நெருங்கி ஓடுவதால், கடலைப் பருப்பளவு சேதத்திலும் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடும்.

அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். காப்பி, சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போகும். நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரையும் கூடாது. வாய்க்காலில் தண்ணி குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே; திடீரென்று பிரஷர் இறங்கினால் இரண்டு தமனிகளின் எல்லைப் பகுதிகளுக்கும் அதே கதிதான்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். கணக்கு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். விடிகாலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். பெரிய குழாயின் அடைப்பைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வெளியே எடுக்க முடியும். தாளவாடிப் பக்கத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டியவர்கள் உடனே 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்பதே அதில் மாறிவிடும்.