சியோரா மாஸ்கெரா: வெனிஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2024, வியாழன்

மெஸ்த்ரேயில் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இங்கிருந்து ரயில் ஏறினால் காயலைக் கடந்து வெனிஸ் பத்து நிமிடம்தான்.

இங்கே கார்னிவல் என்ற முகமூடித் திருவிழா நடக்கிறது. இன்று 'கொழுத்த வியாழன்'. தவக்காலம் தொடங்க இன்னும் ஆறு நாள். நோன்புக்கு முன்னால் ஆசை தீரச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஊரே இனிப்புக் கடைகளில் நிற்கிறது. உலர்திராட்சை போட்டுப் பொரித்த பிரித்தெல்லா நான்கு தின்றேன்.

சான் மார்க்கோ சதுக்கத்தில் தங்கப்பூச்சும் இறகுமாக முகமூடிகள் படம் எடுக்க வாகாக நின்றுகொண்டிருந்தன. அழகுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பழைய நாளில் முகமூடி போட்டது, யாரும் தங்களை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக. நான் தேடி வந்தது அந்த முகமூடியை. சாயங்காலம் ஒரு சந்தில் எதிரே வந்தது: பாவுதா. வெறும் வெள்ளை முகம், ஒரு கோடுகூட வரையவில்லை. வாய் கிடையாது, மூக்குக்குக் கீழே முகம் முழுவதும் கூரைபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தலையிலிருந்து தோள்வரை கறுப்புத் துணி, மேலே மூன்று முனைத் தொப்பி, உடம்பை மூடி நீண்ட கறுப்பு மேலங்கி. என்னைத் தாண்டிப் போனது ஆணா பெண்ணா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

ஒரு முகமூடிப் பட்டறையில் காலை முழுவதும் உட்கார விட்டார்கள். நம் ஊரில் கொலு பொம்மைக்குக் காகிதத்தை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்குவார்கள். இங்கே அரைப்பதில்லை. முதலில் களிமண்ணில் ஒரு முகம் செய்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். பசையில் நனைந்த தடித்த தாளைக் கையால் துண்டு துண்டாகக் கிழித்து, அச்சின் உட்புறத்தில் அடுக்கடுக்காக ஒட்டி, விரலால் அழுத்திக்கொண்டே போகிறார்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் துருத்திக்கொண்டு தெரியும். கிழித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். காய்ந்ததும் உரித்தெடுத்து, கண்களை வெட்டி, வெள்ளைச் சாந்து பூசி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குகிறார்கள். வண்ணமெல்லாம் அப்புறம்தான். கையில் வாங்கிப் பார்த்தேன், எடையே இல்லை. தெருக்கடையில் தொங்கும் பிளாஸ்டிக்கைத் தொட்ட கைக்கு வித்தியாசம் உடனே தெரிகிறது.

1436-இலேயே இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டதிட்டம் எழுதப்பட்டுவிட்டது. முகமூடி செய்பவர்களுக்கு மாஸ்கெரேரி என்று பெயர். ஓவியர் சங்கத்தைச் சேர்ந்தவர்களாக வைத்திருந்தார்கள்.

பாவுதா போட்டவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் இன்று தெரிந்துகொண்டேன். பிரபுவோ, அவருக்குக் கடன் கொடுத்தவனோ, வீட்டு வேலைக்காரியோ, யாராக இருந்தாலும் ஒரே வணக்கம்தான்: 'சியோரா மாஸ்கெரா'. முகமூடி அம்மா என்று வைத்துக்கொள்ளலாம். முகமூடி என்ற சொல் அவர்கள் மொழியில் பெண்பால். அதனால் உள்ளே மீசைக்காரர் இருந்தாலும் அம்மாதான். பட்டமும் குடும்பப் பெயருமே எல்லாமாக இருந்த ஒரு நகரத்தில் இப்படி ஒரு வணக்கம் இருந்ததே என்று நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

வண்ணம் பூசாத பாவுதா ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நகர முடியாத கூட்டம். சீக்கிரமே திரும்பிவிட்டேன். அக்காவும் நானும் வத்தக்குழம்பு வைத்தோம்.

பிப்ரவரி 12, திங்கள்

கா ரெட்ஸோனிகோ அரண்மனை, இப்போது அருங்காட்சியகம். பியெத்ரோ லோங்கி வரைந்த காண்டாமிருகப் படத்துக்காகவே போனேன்.

1751 கார்னிவலில் வெனிசுக்கு ஒரு காண்டாமிருகம் வந்தது. கிளாரா என்று பெயர். வங்காளத்தில் டச்சுக் கம்பெனி அதிகாரி ஒருவர் வீட்டில் குட்டியாக வளர்ந்து, 1741-இல் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஊர் ஊராகக் காட்டப்பட்டது. படத்தில் அது வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது. கொம்பு இல்லை, விழுந்த கொம்பைக் காவலாள் கையில் தூக்கிக் காட்டுகிறான். தடுப்புக்குப் பின்னால் வேடிக்கை பார்ப்பவர்களில் பாவுதா முகமும் இருக்கிறது, மொரெத்தா போட்ட பெண்ணும் இருக்கிறாள்.

மொரெத்தா என்பது பெண்களுக்கான முகமூடி. கறுப்பு வெல்வெட்டில் முட்டை வடிவம். கட்டுவதற்குக் கயிறு கிடையாது. உட்புறம் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பேச முடியாது. யாரிடம் வாய் திறப்பது, யாருக்கு முகம் காட்டுவது என்பதை அவளே முடிவு செய்யலாம், அதனால் அது அவளுக்கு ஓர் ஆயுதம் என்று சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்க்கத் தாடை வலித்தது. பேச நினைக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்றால், அதை ஆயுதம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கிளாராவின் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்களில் சிலருடைய முகத்தைக் கிளாராவால் பார்க்க முடியாது. வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடைசி நாள். நாளைக்குத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

ரயிலில் வரும்போது, இந்த முகமூடியை அரசு எத்தனை விதமாகக் கட்டிவைக்கப் பார்த்தது என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 1268-இலேயே முகமூடிக்காரர்கள் முட்டை எறியக்கூடாது என்று தடை. பன்னீர் நிரப்பிய முட்டைகளாம். 1458-இல் ஆண்கள் பெண் வேடத்தில் கன்னியர் மடத்துக்குள் நுழையக்கூடாது என்று இன்னொன்று. 1608-இல், காலம் தவறி முகமூடி போடும் ஆண்களுக்குச் சிறை, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அதே அரசுதான் 1638-இல் ரிதோத்தோ என்ற சூதாட்ட மாளிகையைத் திறந்து, ஆட வருகிறவர்கள் முகமூடியோடுதான் வரவேண்டும் என்றது. சீட்டாட்டத்தை நடத்திய பிரபுக்கள் மட்டும் திறந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். 1774-இல் அதையும் மூடினார்கள். 1797-இல் நெப்போலியன் வந்தார், வெனிஸ் குடியரசு போனது, முகமூடியும் தெருவை விட்டுப் போனது. இப்போது நடக்கும் கார்னிவல் 1970களின் இறுதியில் திரும்ப எழுப்பப்பட்டது.

மதியம் பாவுதாவைக் கட்டிக்கொண்டேன். கறுப்புத் துணியும் மேலங்கியும் வாடகைக்கு எடுத்தவை. ஒரு கடையில் நின்றபடி காப்பி குடித்தேன். கோப்பை அந்தக் கூரைக்கு அடியில் தாராளமாகப் போய்வருகிறது, எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் குரல்தான்! உள்ளேயே மோதித் தடித்து வெளியே வந்தது. நான் கேட்ட காப்பியை வேறு யாரோ கேட்டதுபோல் இருந்தது.

இரவு அதே கோலத்தில் மெஸ்த்ரே திரும்பி மணி அடித்தேன். அக்கா மகன், ஆறு வயது, கதவைத் திறந்தான். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன். தினமும் கதவு திறந்ததும் "சித்தி வந்துட்டா" என்று கத்துகிறவன், என்னை மேலும் கீழும் பார்த்தான். ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டு, மரியாதையாகக் குரல் கொடுத்தான்:

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."