மூங்கில் பூக்கும் ஆண்டும் எலிகளின் கணக்கும்

மூங்கிலரிசி உண்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கை நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் நன்றாகவே விலை போகிறது. அதற்குச் சான்று கேட்டால் சிலர் மிசோரம் எலிகளைக் காட்டுகிறார்கள். அங்குள்ள மலைகளில் மூங்கில் பூத்துக் காய்க்கும் ஆண்டில், காயைத் தின்ற எலிகள் வரைமுறையின்றிக் குட்டி போட்டுப் பஞ்சத்தையே வரவழைத்துவிடுகின்றன, ஆகவே மூங்கில் விதையில் கருவளத்தைக் கூட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எலிகள் பெருகியதும் பஞ்சம் வந்ததும் உண்மை. காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஓர் உயிரினம் எத்தனை குட்டி போடுகிறது என்பதைவிட, போட்ட குட்டிகளில் எத்தனை தாயாகும் வயதுவரை உயிரோடிருக்கின்றன என்பதே அதன் தொகையைத் தீர்மானிக்கிறது. இதை மிசோரத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறோர் இடம் எனக்குத் தெரியாது.

முதலில் மூங்கிலைப் பார்த்துவிடலாம். மிசோ மக்கள் மவ்தக் என்றும் வங்காளிகள் முலி என்றும் அழைக்கும் இந்த மூங்கிலின் தாவரவியல் பெயர் மெலோகன்னா பாக்சிஃபெரா. நம் மலையடிவாரங்களில் காணும் முள்மூங்கிலைப் போலப் புதராக ஓரிடத்தில் அடைந்து நிற்காமல், மண்ணுக்கடியில் தண்டை நீட்டி, ஒவ்வொரு கழியையும் சற்று விலக்கி எழுப்பி, ஒரு மலைச்சரிவு முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் இயல்புடையது. காட்டை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு பயிரிட்டுப் பின் தரிசாக விடும் ஜூம் சாகுபடி இதற்கு மிகவும் தோதானது. மரங்கள் தீயில் கருகினாலும், மண்ணுக்குள் தப்பிய தண்டிலிருந்து மூங்கில் முந்திக்கொண்டு முளைத்துவிடும். அதனால் மிசோ உழவர்களின் புனங்களைச் சுற்றி நாற்புறமும் இதே மூங்கில் நிற்கிறது. பின்னால் வரும் துயரத்துக்கு இந்த அண்மை முக்கியமான காரணம்.

இதன் காயைப் பார்ப்பவர், இது நெல்லுக்கும் கோதுமைக்கும் உறவான புல்வகையின் காய் என்று எளிதில் நம்பமாட்டார். பச்சை நிறத்தில், காம்புப் பக்கம் பருத்து, நுனி ஒடுங்கிக் கூராக வளைந்து, சிறிய பேரிக்காய் அளவில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். 50 கிராமுக்கு மேல் எடையுள்ள காய்கள் சாதாரணம். நெல்லில் அரிசியாகச் சேரும் மாவுச்சத்து இதில் காயின் தடித்த சதைச் சுவரிலேயே சேர்ந்திருக்கிறது. விதைக்கு உறக்கநிலை கிடையாது. ஈரம் கிடைத்தவுடன் முளைக்கும், சில வேளைகளில் தாய்க்கழியில் தொங்கும்போதே முளைவிட்டுவிடும். ஆக எலியின் பார்வையில் இது ஓட்டை உடைக்கும் வேலைகூட இல்லாத, ஆனால் அதிக நாள் கிடைக்காத உணவு.

இந்த மூங்கில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழித்துப் பூக்கிறது. பூத்துக் காய்த்தபின் மடிந்துவிடுகிறது. 1911-12, 1958-59, 2006-08 என்று வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. மிசோ மக்கள் இந்தப் பஞ்சத்தை மவ்தாம் என்கிறார்கள். இதனிடையே பாம்புசா துல்டா என்ற வேறொரு மூங்கில் பூப்பதால் வரும் திங்தாம் என்ற பஞ்சமும் உண்டு. அது 1929-ஐயும் 1977-ஐயும் ஒட்டி வந்தது. மவ்தாமுக்குப் பின் 18 ஆண்டில் திங்தாம், திங்தாமுக்குப் பின் 30 ஆண்டில் மவ்தாம் என்று ஊர்ப் பெரியவர்கள் நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருந்தார்கள். எழுதப்படாத அந்தக் கணக்கு, பின்னர் எழுதப்பட்ட ஆண்டுகளோடு ஒத்துப்போகிறது.

ஏன் இவ்வளவு காத்திருந்து, ஏன் எல்லாம் ஒன்றாகப் பூக்க வேண்டும்? அமெரிக்கச் சூழலியலர் டேனியல் ஜான்சன் 1976-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் வலுவாக நிற்கிறது. எலி, பறவை, பன்றி, பூச்சி என விதை தின்னும் உயிர்கள் பல. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் அவை ஆண்டுதோறும் எல்லாவற்றையும் தின்று தீர்த்து, அந்த வரத்துக்கு ஏற்றபடி தங்கள் தொகையையும் வைத்துக்கொள்ளும். மாறாக, அவற்றைப் பல தலைமுறைக் காலம் பட்டினி போட்டுவிட்டு, எல்லாக் கழிகளும் ஒரே சமயத்தில் கொட்டினால், தின்னும் வாய்கள் போதாமல் விதைகள் மிஞ்சும். கூட்டத்தோடு சேராமல் முன்போ பின்போ தனித்துப் பூக்கும் செடியின் விதைகள் முழுவதும் இரையாகிவிடும் என்பதால், தலைமுறைதோறும் அந்த ஒழுங்கு மேலும் இறுகுகிறது. அப்படியானால், பிந்திப் பூப்பது இவ்வளவு ஆபத்தாக இருக்கும்போது இடைவெளி 48 ஆண்டுவரை நீண்டது எப்படி என்ற கேள்வி எழும். 2015-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கார்ல் வெல்லரும் அவரது குழுவினரும் இதற்கு ஓர் அழகான விடை சொன்னார்கள்: இடைவெளியைச் சரியாக இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ ஆக்கிக்கொள்ளும் செடி, பூக்கும்போதெல்லாம் பழைய கூட்டத்தோடு சேர்ந்தே பூக்கும்; அதனால் அதற்கு இழப்பில்லை. சிறிய எண்களால் மீண்டும் மீண்டும் பெருகித்தான் மூங்கில்களின் நீண்ட இடைவெளிகள் உருவாயின என்பது அவர்கள் கருத்து. 48 என்பது இரண்டை நான்கு முறை பெருக்கி, மூன்றால் ஒருமுறை பெருக்கிய எண் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

இப்போது எலி. மிசோரத்தில் பெருகுவது பெரும்பாலும் கறுப்பெலி இனம். கருக்காலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள். மூன்று மாத அளவில் குட்டியே தாயாகத் தயாராகிவிடும். இந்த விவரங்களைப் படிப்பவர் உடனே வியப்பது குட்டிகளின் எண்ணிக்கையைக் கண்டுதான். எனக்கு வியப்பாக இருப்பது, இத்தனை குட்டி போட்டும் 40 ஆண்டுக்கு மேலாக அந்தக் காட்டில் எலியின் தொகை ஏறாமல் இருப்பதுதான். ஒரு பெண்ணெலி தன் வாழ்நாளில் நான்கு ஈற்றில் 24 குட்டிகள் போடுகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தொகை மாறாமல் இருக்க வேண்டுமானால், தாய்க்கும் தந்தைக்கும் ஈடாக இரண்டு குட்டிகள் மட்டுமே வளர்ந்து இனம் பெருக்க வேண்டும். மீதி 22-உம் பசியிலோ, பாம்பிடமோ, ஆந்தையிடமோ, குளிரிலோ செத்தாக வேண்டும். சாதாரண ஆண்டு என்று நாம் சொல்வது இதைத்தான்.

மூங்கில் காய்த்த ஆண்டில் 24-இல் எட்டு பிழைக்கின்றன என்று கொள்வோம். அப்போதும் 16 குட்டிகள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, சாகத்தான் செய்கின்றன. இருந்தும் தொகை ஒரு தலைமுறையில் நான்கு மடங்கு. அடுத்த தலைமுறையில் 16 மடங்கு. அதற்கடுத்ததில் 64 மடங்கு. எந்த எலியும் வழக்கத்துக்கு மேல் ஒரு குட்டிகூடப் போடவில்லை. இங்கு விந்தை மருந்து எதற்கும் வேலையில்லை; பிழைப்பவை இரண்டிலிருந்து எட்டானதே போதும். நல்ல உணவு இருக்கையில் எலிகள் ஈனும் பருவமும் நீளும், அடுத்தடுத்த ஈற்றுகளுக்கிடையே இடைவெளி குறையும், இளம் எலிகள் சற்று முன்னதாகவே சினைப்படும் என்பதும் உண்மைதான். ஆனால் அதை எந்த நல்ல உணவும் செய்யும். காவிரிப் படுகையில் நெல் பொதிகட்டிப் பால் பிடிக்கும் தறுவாயில் வரப்பு வளைகளில் குட்டிகள் நிறைவதை உழவர்கள் அறிவார்கள். அங்கே மூங்கில் விதை ஏது?

மூங்கில் எல்லா மலைகளிலும் ஒரே மாதத்தில் பூத்துவிடுவதில்லை. முந்தியும் பிந்தியுமாக ஓரிரு ஆண்டு பரவி வருவதால் எலிகளுக்கு விருந்தும் நீள்கிறது. பிறகு மழை பிடித்ததும் மிஞ்சிய காய்கள் முளைத்து, உணவாக இருந்தது நாற்றாகிவிடும். பெருகிய எலிகளுக்குக் காட்டில் தின்ன ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில்தான் சரிவுகளில் புனநெல் முற்றிக்கொண்டிருக்கும். இரவில் மூங்கில் காட்டிலிருந்து இறங்கும் எலிகள் தாளைக் கடித்துச் சாய்த்துக் கதிரைத் தின்னும். மாலையில் விளைந்து நின்ற புனம் காலையில் வெறும் தாளாகக் கிடந்ததைக் கடைசி இரண்டு மவ்தாமிலும் மக்கள் சொல்லியிருக்கிறார்கள். நெல்லோடு மக்காச்சோளமும் போகும். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த அறுவடைவரை உண்ண அதுதான் இருந்திருக்கும்.

1958-இல் மிசோ மலைகள் அசாமின் ஒரு மாவட்டமாக இருந்தன. மூங்கில் பூக்கப்போகிறது, பஞ்சம் வரும், முன்னேற்பாடு வேண்டும் என்று மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே எச்சரித்தது; மாநில அரசு அதை மலைமக்களின் நம்பிக்கை என்ற அளவிலேயே எடுத்துக்கொண்டது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தோன்றிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி 1961-இல் லால்டெங்காவின் தலைமையில் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் இயக்கமாயிற்று. 1966-இல் ஆயுதக் கிளர்ச்சி, அய்சால் மீது இந்திய விமானப்படையின் தாக்குதல், 20 ஆண்டுப் போர், 1986-இல் உடன்பாடு, 1987-இல் தனி மாநிலம். இந்த வரலாறு தனியே எழுதத் தக்கது. இங்கே ஒன்றை மட்டும் சொல்லலாம்: எலிதான் கிளர்ச்சியை உண்டாக்கியது என்று எழுதுகிறவர்கள், சொல்லி வந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்களுக்கு மிக எளிதாக விடுதலை கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை அப்படி நேரவில்லை. 2006-க்கு முன்பே மிசோரம் அரசு மூங்கில் பூப்பையும் பஞ்சத்தையும் எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்தது. எலி அதிகம் தீண்டாத இஞ்சியையும் மஞ்சளையும் பயிரிடச் சொன்னது. எலி வால் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணமும் கொடுத்தது. வாலுக்குப் பணம் என்பது கேட்பதற்குச் செயலூக்கமான ஏற்பாடு. எண்ணிக் கணக்குக் காட்டவும் வசதியானது. ஆனால் மேலே போட்ட கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமுறைக்கு நான்கு மடங்காகும் கூட்டத்தில் பாதியைக் கொன்று குவித்தாலும் மீதி இரட்டிப்பாகிக்கொண்டேதான் போகும். தொகையை ஏறாமல் நிறுத்த மட்டுமே நான்கில் மூன்றைக் கொல்ல வேண்டும், அதையும் தலைமுறைதோறும் விடாமல் செய்ய வேண்டும். சாதாரண ஆண்டில் கொல்வதோ இன்னும் வீண்: எப்படியும் பசியால் சாகவிருந்த 22-இல் சிலவற்றுக்குத்தான் நாம் பணம் கொடுத்திருப்போம்; அவை விட்டுச்சென்ற உணவில் வேறு சில பிழைத்துக்கொள்ளும். இறுதியில் எலிகளின் கூட்டத்தை அடக்கியது பொறியோ நஞ்சோ அல்ல. காயும் தீர்ந்து நெல்லும் தீர்ந்தபின், அவை பெருகிய வேகத்திலேயே பட்டினியில் சரிந்தன.

முதுமலையிலும் வயநாட்டிலும் முள்மூங்கில் கூட்டமாகப் பூத்தபோது ஏன் இப்படி நேரவில்லை என்று கேட்கலாம். அங்கும் மூங்கில் மடிந்தது, யானைகளுக்குத் தீவனம் குறைந்தது, காய்ந்த புதர்களால் காட்டுத்தீயின் அச்சம் கூடியது. பழங்குடி மக்கள் புதரடியைப் பெருக்கி மூங்கிலரிசி சேர்த்தார்கள். ஆனால் அந்த மூங்கில் பல மரங்களுக்கிடையே புதர் புதராக நிற்பது. அதன் விதை நெல்மணி அளவே உள்ளது. விளைநிலங்களும் மூங்கிலால் நாற்புறமும் சூழப்பட்டவை அல்ல. காயின் பருமன், காட்டின் ஒருமுகத் தன்மை, புனத்தின் அண்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் மவ்தாம் வருகிறது என்பது என் புரிதல்.

இரண்டு மூங்கில்களின் இடைவெளியும் ஏறத்தாழ 48 ஆண்டு என்பதால் ஒரு காலக்கணக்கும் கிடைக்கிறது. 1977-ஐ ஒட்டி வந்த திங்தாமுக்கு அடுத்தது 2025-ஐ ஒட்டியும், 2007-இன் மவ்தாமுக்கு அடுத்தது 2055-ஐ ஒட்டியும் வர வேண்டியவை. எலி ஒழிப்புக்குப் பயன் உண்டென்றால், அது முதல் காய்கள் விழத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான்: அப்போது கொல்லப்படும் ஒரு பெண்ணெலி, மூன்று தலைமுறைக்குப் பிறகு புனத்தில் இறங்கவிருந்த 64 பெண்ணெலிகளுக்குச் சமம். வாலுக்குப் பணம் கேட்டு வரிசை நீள்வதோ எலிகள் கண்ணில் படத் தொடங்கிய பிறகு. அதாவது ஒரு வால் ஒரே ஒரு எலிக்கு மட்டும் ஈடாகிவிட்ட நேரத்தில்.