கால் மரத்துப்போகிறதா? காரணம் தேடும் வழி

"கால் மரத்துப்போகுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு அதிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. நான்கு வேறு தொல்லைகளுக்கு நாம் இந்த ஒரே சொல்லைச் சொல்கிறோம். தொட்டால் உணர்வில்லை, மதமதவென்று ஊசி குத்துகிறது, கால் கனத்துத் தூக்க வரவில்லை, பஞ்சு மேல் நடப்பதுபோல் தரை தெரியவில்லை. இவை ஒவ்வொன்றும் உடலின் வேறு வேறு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். "நரம்பு" என்ற சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோமே, அது ரத்தக்குழாய். கெண்டைக்காலில் முடிச்சாகப் புடைப்பதும் ரத்தக்குழாய்தான். காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து "நரம்பெல்லாம் நல்லா இருக்கு" என்று நிம்மதியாகி, மாதக்கணக்கில் காலம் கடத்திவிடுவது இதனால்தான். டாப்ளர் ரத்த ஓட்டத்தை மட்டுமே பார்க்கும். உணர்வைக் கடத்தும் நரம்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆகவே பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு கால்களையும் முன்பக்கம், பின்பக்கம், உள்ளங்கால் என வரைந்துகொள்ளுங்கள். மரத்த இடத்துக்கு ஒரு நிறம், எரிகிற இடத்துக்கு வேறு நிறம். எந்த மாதம், எந்த விரலில் தொடங்கியது, இப்போது எதுவரை ஏறியிருக்கிறது, இரண்டு காலிலும் ஒன்றாகவா, இரவில் கூடுகிறதா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு தாள் பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனைவிட அதிகம் சொல்லிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல் மெல்ல மேலே ஏறினால் அது நரம்பின் நீளத்தைப் பொறுத்த பாதிப்பு. இடுப்பிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்புதான் உடலிலேயே நீளமானது. உடல் முழுக்கக் கெடுதல் செய்யும் எதுவும் அதன் கடைசி நுனியைத்தான் முதலில் தொடும். மரப்பு முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனியும் மதமதக்கத் தொடங்கும். சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மது, சிறுநீரகக் கோளாறு, சில மருந்துகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் பாதிக்கும்.

வடிவம் வேறாக இருந்தால் தேட வேண்டிய இடமும் வேறு. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்தால் இறுக்கமான பெல்ட்டோ, கூடிய எடையோ இடுப்பருகே ஒரு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மரத்து, பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தரையில் இடறினால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு நசுங்கியிருக்கலாம். நெடுநேரம் சம்மணம் போட்டோ குந்தியோ வேலை செய்பவர்களுக்கும், மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் இது வருவதுண்டு. கொஞ்சதூரம் நடந்ததும் இரண்டு காலும் மரத்து, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ தெளிந்தால் இடுப்புத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேமல்போல் நிறம் மங்கிய திட்டில் மட்டும் உணர்வு இல்லையென்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு நாள் கடத்துவதுதான் இழப்பு. 6 மாதம் அல்லது 12 மாதக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் நரம்பு மிஞ்சும்.

சில அறிகுறிகளுக்குத் தாளும் வேண்டாம், நாள் குறிக்கவும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சில நாட்களுக்குள் மரப்பும் பலவீனமும் காலிலிருந்து மேலே ஏறுவது, சைக்கிள் சீட் படும் பகுதி மரத்து சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று மரத்து வாய் கோணுவது ஆகியவை அவை.

அடுத்தது மருந்துகள். வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், நாள்பட எடுக்கும் அசிடிட்டி மாத்திரையும் பி12 அளவைக் குறைக்கும். காசநோய்க்கான ஐசோனியாசிட் பி6 சத்தைக் குறைத்து நரம்பைப் பாதிக்கும். அதனால்தான் அதனுடன் பி6 மாத்திரையும் தருகிறார்கள். கிருமிக்கொல்லியான லினிசோலிட், புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின், பேக்ளிடாக்செல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். யார் தயாரித்தது என்று தெரியாத பஸ்பம், செந்தூரம் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈயமும் ஆர்செனிக்கும் நரம்பைக் கெடுக்கும்.

ரத்தப் பரிசோதனையில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மரத்ததும் மருந்துக்கடையில் "நரம்புக்குச் சத்து மாத்திரை" வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பி12 பார்க்கப் போகிறார்கள். ரத்தத்தில் அளவு உயர்ந்து தெரியும். குறைபாடு இருந்ததா இல்லையா என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை என்பதே சரியான வரிசை. பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி. மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் இரண்டையும் பார்த்தால் தெளிவு கிடைக்கும். ரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைபாடு நரம்பைத் தாக்கும் என்பதால் "ஹீமோகுளோபின் நல்லா இருக்கு" என்பது இங்கே பதிலாகாது. ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் சோகை சரியாகி நரம்புச் சேதம் தொடரும். முடிக்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், தைராய்டு முடிவுகளை அது மாற்றிக் காட்டும்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு போதாது. அது சரியாக இருந்தும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140க்கு மேல் போகிறவர்கள் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்த நிலையிலேயே பாத எரிச்சல் தொடங்கலாம். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி அளவைச் சற்று உயர்த்திக் காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவற்றோடு சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கல்லீரல் சோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ். கடைசியில் சொன்னதைக் கேட்டு வாங்குங்கள். எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் நரம்புப் பாதிப்பை அது காட்டும்.

நரம்பு மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வைக் கேட்பார், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார், குதிகால் தசைநாணைத் தட்டுவார், கண்ணை மூடி நிற்கச் சொல்வார். சர்க்கரை மருத்துவமனைகளில் அதிர்வு உணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டர் வைத்து வோல்ட் கணக்கில் ஒரு தாள் தருவார்கள். 25க்கு மேல் என்றால் பாதத்தில் புண் வரும் அபாயம் கூடுதல். ஆனால் அந்தக் கருவி உணர்வு எவ்வளவு போயிருக்கிறது என்றுதான் சொல்லும், ஏன் போனது என்று சொல்லாது.

அதன் பிறகுதான் நரம்புக் கடத்தல் சோதனை. லேசான மின் அதிர்வு கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பலத்தில் கடத்துகிறது என்று அளப்பார்கள். அன்று காலில் தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவும் கூடாது. சில்லென்ற ஏசி அறையில் காத்திருந்து பாதம் குளிர்ந்துபோனால் நல்ல நரம்பும் மெதுவாகத் தெரியும், ஆகவே கூப்பிடும்வரை சாக்ஸ் போட்டிருங்கள். பாதம் குளிர்ந்திருந்தால் சூடாக்கிவிட்டு எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலும் முன்பே சொல்ல வேண்டும். தசையில் ஊசி செலுத்தும் பகுதியும் இதில் வரலாம்.

முடிவு வந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: நரம்பின் உள் இழை கெட்டிருக்கிறதா, மேல் உறை கெட்டிருக்கிறதா? சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மது பெரும்பாலும் உள் இழையைக் கெடுக்கும். உறை கெட்டு வேகம் குறைந்திருந்தால், 8 வாரத்துக்கு மேல் வளரும் எதிர்ப்பாற்றல் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று நேரடி சிகிச்சை உண்டு. தாமதித்தால் திரும்பாத இழப்பு.

"ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே பார்க்கும். எரிச்சலையும் சூடு குளிரையும் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் முடிவு சரியாகவே வரும். அதற்குக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து இழைகளை எண்ணும் சோதனை உண்டு. எல்லா ஊரிலும் செய்வதில்லை, பெரிய நரம்பியல் மையங்களில் கேட்கலாம்.

எம்ஆர்ஐ பற்றி ஒரு எச்சரிக்கை. நாற்பது தாண்டிய பலருக்கு முதுகில் டிஸ்க் பிதுக்கம் என்று அறிக்கை வரும். தொல்லையே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். மரப்பின் வரைபடமும் பிதுக்கத்தின் இடமும் பொருந்தாவிட்டால் அறுவைக்குச் சம்மதிக்கும் முன் இன்னொரு கருத்து கேளுங்கள். இரண்டு காலும் மரத்து விறைப்பாக நடந்து, சட்டைப் பொத்தான் போடவும் தடுமாறினால் பார்க்க வேண்டியது கழுத்து. இடுப்பு எம்ஆர்ஐயில் அது தெரியாது.

சிகிச்சையில் ஏமாற்றம் வருவது ஒரு புரிதல் குறைவால்தான். பிரிகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் எரிச்சலையும் வலியையும் குறைக்கும். மரத்த உணர்வைத் திருப்பித் தராது. வலியே இல்லாமல் மரப்பு மட்டும் இருப்பவர்கள் இவற்றை எடுத்துத் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் வாங்கிக்கொள்வதில் பயனில்லை. பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உணர்வு திரும்புவது காரணத்தைச் சரிசெய்வதைப் பொறுத்தது, அதற்கும் காலம் வேண்டும். நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் மீள 10 மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி அளவை 3 மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் தடாலடியாக இறக்கினால் எரிச்சல் புதிதாகக் கிளம்பும் அபாயமும் உண்டு, மருத்துவரோடு பேசி நிதானமாக இறக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாமல் போகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் அது மெதுவாகவே நகரும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தமும் உணர்வுச் சோதனையும் திரும்பப் பார்க்க வேண்டும். அப்பா, அத்தை, அண்ணன் பாதங்களையும் பாருங்கள். வளைவு உயர்ந்து விரல் மடங்கிய பாதங்கள் குடும்பத்தில் இருந்தால் அது பரம்பரை நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மரத்த பாதத்தைக் காப்பது அன்றாட வேலை. 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வில்லாததால் தெரியாமலே படும் காயங்களால்தான் அழிகின்றன என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே கதைதான். மெத்தென்ற ரப்பர் பதித்த எம்சிஆர் செருப்பு, குதிகால் வார் உள்ளதாக, மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். போடும் முன் உதறுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு வேண்டாம், தடித்த சாக்ஸ் போடலாம். வண்டிச் சைலன்சர் பக்கம் கவனம். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள், ஒத்தடப் பை வேண்டவே வேண்டாம். கால் ஆணிக்கு ஆசிட் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஈரப்பசைக் களிம்பு குதிகாலுக்கு, விரலிடுக்குக்கு அல்ல. தரையில் படுப்பவர்கள் எலி வராதபடி வலை கட்டிக்கொள்ளுங்கள்; மரத்த விரலை எலி கடித்தாலும் விழிப்பு வராது.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி குறைவாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்க்காதீர்கள். எலும்பு நொறுங்கத் தொடங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் அன்றே பாத சிகிச்சை தெரிந்தவரிடம் போய்ச் சேர வேண்டும். பாதம் உருக்குலையாமல் காக்கும் மாவுக்கட்டு சில மாதங்கள் இருக்கும், இரண்டு பாதங்களின் சூடும் ஒன்றாகும் வரை அதைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.