ஆலன் ரிக்மனைப் பார்க்கும் முன் டிவியைச் சரிசெய்யுங்கள்

பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மனின் ரசிகர்கள் எதில் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் குரலில்தான் வந்து நிற்பார்கள். அந்தக் குரலையே பழைய டிவிடியில் பழகியவர்கள் பலர் சரியான சுருதியில் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டன் மாதிரி ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை இருந்த நாடுகளில் டிவிக்கு 25. இந்த ஒரு ஃபிரேமைச் சமாளிக்க, அங்கே வந்த டிவிடிகளில் படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டினார்கள். குரலும் கூடவே ஏறும். இசைக் கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்குப் போகிற தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. வேறு நடிகராக இருந்தால் காது கண்டுகொள்ளாது. ரிக்மனின் அடிக்குரலில் அது நன்றாகவே தெரியும். வெல்வெட் போய் தகரம் எட்டிப் பார்க்கும்.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய, ஓடும் நேரத்தைப் பாருங்கள். ‘டை ஹார்ட்’ 132 நிமிடம். 127க்குப் பக்கத்தில் காட்டினால் வேகப் பதிப்பு. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 136. அதுவே 131க்குள் முடிந்தால் அதுவும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96 என்று வைத்தால் படம் பழைய நடைக்குத் திரும்பிவிடும், ஆனால் குரல் இறங்காது. காரணம், வேகத்தை மாற்றினாலும் சுருதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஆடியோ அமைப்புகளுக்குப் போய் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், குரலும் சேர்ந்து இறங்கும். சில தட்டுகளில் தயாரிக்கும்போதே சுருதியைத் திருத்தியிருப்பார்கள்; அவற்றில் அந்த டிக்கைத் தொடாதீர்கள், தொட்டால் குரல் தேவைக்கு மேல் கனத்துப்போகும். ப்ளூ-ரே வைத்திருப்பவர்களுக்கு பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை.

சவுண்டில் ‘நைட் மோட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது உரத்த சத்தத்தைக் குறைத்து மெல்லியதைத் தூக்கும். ரிக்மன் மிரட்டும்போது குரலை உயர்த்துவதில்லை, இறக்குவார். அந்த இறக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இனி, அவர் என்ன செய்கிறார் என்பதற்கு வருவோம். மற்றவர்கள் வாக்கியத்தின் முடிவில் நிறுத்துவார்கள். இவர் நடுவில், யாரும் எதிர்பாராத சொல்லுக்குப் பிறகு நிறுத்துவார். உயிரெழுத்தை நீட்டுவார், கடைசி மெய்யைக் கடித்து முடிப்பார், கீழ்த்தாடை அதிகம் அசையாது. மொழிமாற்றப் பதிப்பில் முதலில் காணாமல் போவது இதுதான். உதட்டசைவுக்கு வசனத்தைப் பொருத்துபவர்கள் மௌனத்தையும் சொல்லால் நிரப்பிவிடுவார்கள். வசனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் தடவை சப்டைட்டிலோடு ஒரிஜினல் குரலிலேயே பாருங்கள்.

கிராஃபிக் டிசைனராக இருந்துவிட்டு 26 வயதில் ராடா நாடகப் பள்ளிக்குப் போனவர் அவர். முதல் சினிமா ‘டை ஹார்ட்’. 1988இல் அது வெளியானபோது வயது 42. அதில் தான் நடித்த வில்லன் ஹான்ஸ் குரூபர் சூட் போட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று கேட்டவர் அவரேதான். அந்தச் சூட்டால்தான் அவர் பிணைக்கைதிகள் கூட்டத்துக்குள் நோட்டைப் படித்தபடி நடக்கும்போது கம்பெனி மீட்டிங் மாதிரி இருக்கிறது, பயமும் அதனால்தான் வருகிறது.

அதே படத்தில், கட்டிக்கொண்டிருக்கும் மாடியில் குரூபர் நாயகன் மெக்லேனிடம் மாட்டிக்கொள்கிற இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கீழே குதிக்கிறார், திரும்பினால் எதிரே துப்பாக்கி. ஒரு கணம் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகுதான் தோள் சுருங்குகிறது, குரல் மேலே போகிறது, அமெரிக்க உச்சரிப்பு வருகிறது. குரூபர் நடிக்கத் தொடங்குகிற அந்த நொடியை நமக்கு மட்டும் காட்டிவிட்டு மெக்லேனிடமிருந்து மறைக்கிறார். ரிக்மனுக்கு அமெரிக்க உச்சரிப்பு வரும் என்று தெரிந்த பிறகு படப்பிடிப்பின்போது சேர்த்த காட்சி இது. டிவியில் ‘மோஷன் ஸ்மூதிங்’ இயங்கினால் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே டிவியே ஒரு முகத்தைக் கற்பனை செய்து திணிக்கும், அந்தக் கண மாற்றம் வழுவழுவென்று கரைந்துபோகும். பழைய சதுர டிவிக்காக வெட்டிய பதிப்பு இன்னும் மோசம்: 2.39க்கு 1 அகலத்தில் எடுத்த படத்தில் சுமார் 44 சதவீதம் வெளியே போய்விடும், எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருக்குப் பாதி முகம்தான் மிஞ்சும்.

ஸ்டில் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கியது. நடிகர் நகர்ந்தால் மங்கும். ரிக்மன் படங்களில் நல்ல ஸ்டில் எளிதாகக் கிடைப்பது அவர் அடிக்கடி அசையாமல் நிற்பதால்தான். அவர் வசனம் பேசும்போது நிறுத்தாதீர்கள், வாய் கோணலாக விழும். பேசுவதற்குச் சற்று முன் நிறுத்தி, விஎல்சியில் ஆங்கில ‘ஈ’ (E) விசையால் ஒவ்வொன்றாக முன்னேறுங்கள். சேமிப்பது பிஎன்ஜி (PNG) கோப்பாக இருக்கட்டும். கழுகு மூக்கு என்பதால் பக்கவாட்டு முகம்தான் இவருக்கு உச்சம். ‘அழகுபடுத்தும்’ ஃபில்டர் எதையும் போடாதீர்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கோடுகள் போனால் மெழுகுப் பொம்மைதான் மிஞ்சும். குரூபர் கட்டடத்திலிருந்து விழும் ஷாட் இதில் விதிவிலக்கு. அது அதிவேகக் கேமராவில் எடுத்தது, நகரும்போதும் கூர்மையாக இருக்கும். மூன்று எண்ணி விடுவதாகச் சொல்லிவிட்டு ஒன்றிலேயே விட்டுவிட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. முகத்தில் இருக்கும் அதிர்ச்சிக்கு அதுதான் காரணம்.

‘ஹாரி பாட்டர்’ படங்களின் ஆசிரியர் ஸ்னேப்புக்குத் தேவை வேறு: கறுப்பு. 2001 முதல் 2011 வரை 8 படங்கள், ஏறக்குறைய அதே கறுப்பு அங்கி, கண்ணில் கறுப்பு லென்ஸ், பின்னால் இருட்டுச் சுவர். பிளேயர் கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை 0 முதல் 255 என்ற முழு ரேஞ்சில் அனுப்பி, டிவி 16 முதல் 235 வரை என்று எடுத்துக்கொண்டால் அடிக்கறுப்பு நசுங்கி, அந்தரத்தில் ஒரு முகம் மட்டும் மிதக்கும். இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் இருக்க வேண்டும். மூன்றாம் படத்தின் வகுப்பறைக் காட்சியை வைத்துச் சோதிக்கலாம். மந்திரக்கோலால் ஜன்னல்களைப் பட் பட்டென்று மூடிக்கொண்டே வருவார். அத்தனை வேகத்துக்குப் பிறகு 394ஆம் பக்கத்தைத் திருப்பச் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக விழும். அந்த நேரம் அங்கியின் பட்டன் வரிசை தெரிந்தால் செட்டிங் சரி.

வில்லன் முகம் சலித்தவர்களுக்கு ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் அவர் நடித்த கர்னல் பிராண்டன். மரியான் பாடும்போது வாசலிலேயே நின்றுவிடுகிறாரே, அங்கே தொடங்குங்கள். அவர் பேசாத இடம் என்பதால் அவர் குரலின் சுருதி பற்றிய கவலையும் இல்லை.

என்னைக் கேட்டால் ரிக்மனின் நிறுத்தத்தைப் படிக்கச் சிறந்த பாடம் ‘கேலக்ஸி குவெஸ்ட்’. பழைய விண்வெளி டிவி தொடர் ஒன்றின் நடிகராக வருவார். தலையில் ரப்பர் ஒப்பனை, மிச்சம் இருப்பது கண்ணும் குரலும்தான். தனக்குப் பிடிக்காத பஞ்ச் வசனத்தை ஒரு கடைத் திறப்பு விழாவில் சொல்கிறார்: கிராப்தாரின் சுத்தியல் மீது ஆணை என்று தொடங்கி, நிறுத்தி, உயிர் போகிற மாதிரி இழுத்து, ‘என்ன மலிவு’ என்று முடிப்பார். பிற்பாடு, தன்னை அப்பாவாக நினைத்த ஒருவன் சாகும்போது அதே ஆணையைச் சொல்வார். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, நடுவில் விடுகிற மூச்சை மட்டும் கேளுங்கள்.