மரம் வைத்த கேக்

"அக்கா, அப்பாவுக்கு எழுவது வயசு ஆவுது. ரெண்டு கிலோல ஒரு கேக்கு வேணும். மேல ஒரு மரம் வச்சா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த போன். நான் தக்கலைக்காரி. வீட்டுக்குப் பின்னால் ரப்பர், முன்னால் தெங்கு, அடுத்த விளையில் ஒரு பெரிய அயனி. எனக்கு மரம் என்றால் வேரும் இலையும் உள்ளது. கடற்கரைக்காரர் கேட்கிறார், அப்படியானால் தென்னை மரம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மேரி பிஸ்கட்டைப் பொடித்து மணல். நீலக் கிரீமில் அலை. சாக்லேட்டில் வளைந்த தடி. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் பிசைமாவில் ஒவ்வொரு ஓலையையும் கத்தரிக்கோலால் கீறிக் கீறி எடுத்தேன். மழைக்காலம் வேறு, காற்றில் ஈரம். ஓலை காயாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்துக் காய வைத்தேன். இவ்வளவு பாடுபட்டது, பெரியவர் குனிந்து பார்த்து "இதென்ன, தெங்கா?" என்று கேட்பதற்கு.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மரம்னா நாங்க கடலுக்குப் போற மரமாக்கும், அக்கா."

கட்டுமரம். கடற்கரையில் அதை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மரம், அவ்வளவுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெரியவர் மட்டும் சிரித்தார். "இதுல ஏறுனா தேங்கா பறிக்கலாம். மீனு கிட்டாது மோளே."

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். எத்தனை கிலோ, என்ன ஃப்ளேவர், எத்தனை மணிக்கு, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று எல்லாம் கேட்டிருந்தேன். 'என்ன மரம்' என்று மட்டும் கேட்கவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்த சொல், அதனால் கேட்கத் தோன்றவில்லை.

'எக்லெஸ்' என்பதைவிடத் தெளிவான ஆர்டர் உண்டா? நாகர்கோவிலில் ஒரு பெண் அப்படித்தான் கேட்டாள். தயிர், கண்டன்ஸ்டு மில்க் போட்டு ஸ்பாஞ்ச் நன்றாக எழும்பி வந்தது. மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் கிளேஸ் ஊற்றலாம் என்று ஜெலட்டினைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் டெலிவரி நேரம் கேட்கக் கூப்பிட்டபோது பேச்சுவாக்கில், "யாருக்கு முட்டை ஆகாது?" என்றேன். "ஆகாதுன்னு இல்ல அக்கா, மாமியார் வீட்ல சுத்த சைவமாக்கும்." போனை வைத்ததும் அந்த ஜெலட்டினை அப்படியே சிங்க்கில் கொட்டினேன். அது மாட்டு எலும்பிலும் பன்றித் தோலிலும் இருந்து எடுக்கிற சாமான். முட்டை இல்லைதான்; ஆனால் அந்த மாமியார் அதைச் சாப்பிடுவாரா? கிரீமையும் சாக்லேட்டையும் உருக்கிக் கனாஷ் ஊற்றி அனுப்பினேன்.

அதன்பிறகு 'எக்லெஸ்' என்று யார் கேட்டாலும், "வீட்ல சைவமா, இல்ல யாருக்காவது முட்டை ஒத்துக்காதா?" என்று கேட்டுவிடுகிறேன். சைவம் என்றால் ஜெலட்டினும் கூடாது, சில மார்ஷ்மெல்லோவும் கூடாது. குழந்தைக்கு அலர்ஜி என்றால் விஷயமே வேறு. என் அடுக்களையில் தினம் முட்டை உடைகிறது. கிண்ணம், பீட்டர், தட்டு எல்லாம் ஒன்றுதான். கடுமையான அலர்ஜி என்றால் எனக்கு இந்த ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இன்னும் சிலருக்கு வெறும் முட்டை வாடைதான் பிரச்சினை. அவர்களுக்கு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்ட சாதா ஸ்பாஞ்சே போதும். அதையும் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்வேன்.

அடுத்தது 'இனிப்பு கம்மியா'. முதலில் இதைக் கேட்டபோது ஸ்பாஞ்சில் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். குறைத்ததும் கேக் வறவறவென்று ஆகிவிட்டது. அவர்களுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு அம்மாவிடம், "முன்ன வாங்கின கேக்ல என்ன பிடிக்கல?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "அந்தக் கிரீமு அண்ணாக்குல ஒட்டிப் பிடிச்சுக்கிடுது, ரெண்டாம் துண்டு திங்க முடியல்ல." அவர் சொன்னது சர்க்கரையை அல்ல, கொழுப்பை. பாக்கெட்டில் வரும் விப்பிங் கிரீம் பெரும்பாலும் கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய். வாய்ச்சூட்டில் அது முழுசாக உருகாமல் படலமாக நின்றுவிடும். போதாக்குறைக்கு அதிலேயே சர்க்கரையும் கலந்துதான் வரும். இப்போது அப்படிக் கேட்பவர்களுக்கு ஸ்பாஞ்சைத் தொடுவதில்லை. கிரீமை மெல்லிசாகப் பூசி, நடுவில் புளிப்புள்ள அன்னாசியையோ பேஷன் ஃப்ரூட்டையோ வேகவைத்து வைக்கிறேன். இனிப்பு கம்மி என்றால் பாதிப்பேருக்கு 'திகட்டக்கூடாது' என்றுதான் அர்த்தம்.

ஐஸ் கேக் கதை சின்னது. எங்கள் பக்கம் வயதானவர்களுக்குக் கிரீம் பூசிய எல்லாமே ஐஸ் கேக். இருபது வயதுக்காரர் அதே சொல்லைச் சொன்னால் அது ஐஸ்கிரீம் கேக். "மேசைல வச்சா உருகுமா, உருகாதா?" என்று கேட்டுத் தெளிந்துகொள்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கிலோவும் அப்படித்தான். "ஒரு கிலோ போதும், ஐம்பது பேருதான்" என்பார்கள். பிறந்தநாள் வீட்டில் ஆளுக்கு உள்ளங்கை அளவு துண்டு. ஒரு கிலோ பத்துப் பேருக்குக் காணும். கல்யாண மண்டபத்தில் வைனோடு தட்டில் வைத்துச் சுற்றுவது விரல் அகலத் துண்டு. அது வேறு கணக்கு. ஃபாண்டன்ட் போர்த்தினால் அதன் கனமும் கிலோவில்தான் சேரும் என்று சொன்னால், ஏமாற்றுகிறாள் என்ற பார்வை ஒன்று வரும். "பார்க்கப் பெருசா இருக்கணுமா, எல்லாருக்கும் காணணுமா?" என்று கேட்டால் பல வீடுகளில் பதில் முதலாவதுதான். அதற்குக் கேக்குக்கு அடியில் வைக்கிற தெர்மாகோல் அடுக்கு இருக்கிறது.

எனக்கு உண்மையில் பயம், "உங்க இஷ்டம் போல செய்யுங்க" என்கிறவர்களிடம்தான். அவர்கள் மனதில் முழுப் படமும் தயாராக இருக்கும். நாம் வேறு மாதிரி செய்த பிறகுதான் அதை வெளியே எடுப்பார்கள்.

ஒரு கல்யாணத்துக்குச் சேலை நிறத்தில் கேக் கேட்டார்கள். நிறம் என்னவென்று கேட்டால் பெண் பச்சை என்றாள், அம்மா நீலம் என்றார். எதிரிலேயே சண்டை. டியூப் லைட்டில் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தில் அது சாம்பலாகத் தெரிந்தது. கடைசியில் பிளவுஸ் தைத்து மிஞ்சின துண்டுத் துணியைக் கொண்டுவரச் சொன்னேன். மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம்; திருப்பத் திருப்ப மாறும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கிரீம் அப்படி மாறாது என்று விளக்கி, கீழ் அடுக்கு நீலம், மேல் அடுக்கு பச்சை என்று வைத்தேன். பெண்ணும் அம்மாவும் சமாதானம் ஆனார்கள். மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குளச்சல் பக்கத்துப் பெரியவர் அந்த வருஷக் கடைசியில் அவரே போன் செய்தார். கல்யாணம் கழிந்து ஐம்பது வருஷமாம். "இந்தத் தடவ நல்ல மரமா ஒண்ணு செய்யி மோளே."

இந்த முறை முதலில் கடற்கரைக்குப் போனேன். கரையெல்லாம் ஃபைபர் வள்ளங்கள். அவருடைய மகனே விசைப்படகில்தான் போகிறான். ஓரமாகப் பெரியவருடைய மரம் கிடந்தது, கட்டவிழ்த்து, நாலு தடியும் தனித்தனியாக. உடைந்துவிட்டதோ என்று கேட்டேன். இல்லையாம். தடி தண்ணீரைக் குடிக்கும், அவிழ்த்துக் காயப் போடாவிட்டால் அடுத்த நாள் கனத்துப் போகும். எனக்காக மகனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி அவற்றைச் சேர்த்து வைத்து, கயிற்றைச் சுற்றிக் கட்டிக் காட்டினார். மூன்று தடவை கட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டேன்.

நாலு சாக்லேட் ரோல். முனையை மேலே வளைத்துச் சீவினேன். கோகோப் பொடி தூவி, கத்தி நுனியால் மரவரி கீறினேன். பழுப்பு ஃபாண்டன்டை இரண்டு இழையாக உருட்டி முறுக்கிக் கயிறு செய்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "முறுக்கு கொள்ளாம். கட்டு தப்பாக்கும்" என்றார். பாட்டி கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார், எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். கேக்கில் இருந்த கயிற்றை நுனி பிடித்து மெதுவாக உருவி எடுத்து, பேரப்பிள்ளையின் வாயில் வைத்தார்.

"கரைக்கு வந்தாச்சுல்லா. கட்ட அவுக்காண்டாமா? இனி வெட்டு."